ரீகண்டிஷன் பவர் ஸ்டீயரிங் பம்ப்: கைகொடுக்கும் இடமும் காலை வாரும் இடமும்

பழைய பிக்கப்பில் ஸ்டீயரிங் இறுகிப்போய், ஒடிக்கும்போதெல்லாம் முன்பக்கம் முனகத் தொடங்கினால், பட்டறையில் முதலில் கேட்கும் வார்த்தை "பம்ப் போச்சு". புதுப் பம்புக்கும், கழித்த வண்டியில் கழற்றிய பம்புக்கும் நடுவில் இருப்பது ரீகண்டிஷன் பம்ப். உடம்பையும் தண்டையும் வைத்துக்கொண்டு, தேய்ந்ததை மாற்றி, சீல் போட்டு, ஓட்டிப் பார்த்துப் பெட்டியில் அடைத்துத் தருவது. சரக்கு நல்லது, வாங்கலாம். ஆனால் அது பம்பின் கோளாறை மட்டும்தான் தீர்க்கும். ஸ்டீயரிங் இறுகுவதற்குப் பம்பைத் தொடாத காரணங்கள் அரை டஜன் இருக்கின்றன. மாட்டிய அன்றே முனகுகிறது என்று திருப்பிக் கொடுக்கப்படும் பம்புகளில் பல, உள்ளே சிக்கிய காற்றால் முனகியவையே.

இங்கே பேசுவது ஸ்டீயரிங் பாக்ஸ் (ஸ்டீயரிங்கின் சுற்றலைச் சக்கரங்களைத் திருப்பும் அசைவாக மாற்றும் பல்சக்கரப் பெட்டி) உள்ள பிக்கப்புகளில் பரவலாக இருக்கும் வேன் (vane, அதாவது தகடு) வகைப் பம்ப் பற்றி. ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) வண்டிகளின் சாகினா, ஃபோர்டின் சி-2, டொயோட்டா பிக்கப்பில் தனி டேங்கோடு வருவது என உருவம் வேறுபட்டாலும் உள்ளே வேலை ஒன்றுதான். தண்டோடு சுழலும் ரோட்டரின் பிளவுகளில் சின்னத் தகடுகள் சொருகியிருக்கும். சுழலும் வேகத்தில் அவை வெளியே தள்ளப்பட்டு, முட்டை வடிவ ரிங்கின் உட்சுவரை உரசியபடி ஆயிலை வாரித் தள்ளும். தேவைக்கு மேல் வரும் ஆயிலை ஃப்ளோ கன்ட்ரோல் வால்வு உள்ளுக்குள்ளேயே திருப்பி விடும். தகடு நுனி தேய்ந்தாலோ, ரிங்கில் வரி விழுந்தாலோ, இந்த வால்வு சிக்கிக்கொண்டாலோ அழுத்தம் குறையும். ஐடிலில் கனமாகவும், ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் லேசாகவும் இருக்கிற ஸ்டீயரிங் பெரும்பாலும் இந்த வகைதான். ரீகண்டிஷன் பம்ப் தன் மதிப்பைக் காட்டும் இடமும் அதுவே.

பெட்டியைத் திறந்தவுடன் பார்க்க வேண்டியவை சில. ஆயில் போகும் ஓட்டைகள் எல்லாவற்றிலும் பிளாஸ்டிக் மூடி இருக்க வேண்டும்; ஒன்று இல்லாவிட்டாலும் உள்ளே தூசி போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தண்டின் நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். எண்ணெயில் சுழல்கிற மாதிரி ஒரே சீரான பிசுபிசுத்த எதிர்ப்பு இருந்தால் நல்லது. ஒரு சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் 'கறுக்' என்று பிடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தண்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் விரலுக்குத் தெரிகிற அளவு பிளே (ஆட்டம்) இருக்கக் கூடாது. அந்தப் பிளேதான் புது ஆயில் சீலைச் சில மாதங்களில் தின்றுவிடும். ஃப்ளோ வால்வைப் பார்க்க முடிகிற அமைப்பாக இருந்தால், மழுங்கிய மரக்குச்சியால் மெல்ல அழுத்துங்கள். வழுக்கிக்கொண்டு உள்ளே போய், ஸ்பிரிங் வேகத்தில் தானே வெளியே வர வேண்டும்.

பெரும்பாலான பெட்டிகளில் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) இருக்காது. சாகினா வகையில் டேங்க்கும் பல நேரம் இருக்காது; பழைய பம்பிலிருந்து கழற்றி மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். இதைத் தெரியாமல் வாங்கி நடுவேலையில் நிற்பவர்கள் அதிகம். பிரஷர் ஹோஸ் மாட்டும் நிப்பிளையும் ஒப்பிட வேண்டும். முந்தைய சாகினா பம்புகளில் ஃபிளேர் வகை (குழாய் நுனியை விரித்து இறுக்கும்) இணைப்பு, பின்னால் வந்தவற்றில் ஓ ரிங் (ரப்பர் வளையம்) வகை. ஒன்றுக்கு மற்றொன்றை முறுக்கி மாட்டினால் முதல் ஒடியிலேயே ஆயில் பீய்ச்சும். இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போல்ட் துளைகள், தண்டின் நீளம், ரிட்டர்ன் குழாயின் எண்ணிக்கை மூன்றையும் சரிபார்த்த பிறகே வண்டியில் கை வையுங்கள்.

வாங்குவதற்கு முன்: கோளாறு பம்பில்தானா?

ஒலியை முதலில் பிரித்துக் கேளுங்கள். கீச்சென்று கத்தி, ஒடியைத் தளர்த்தியதும் நின்றால் அது பெல்ட். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் முனகல், ஒடிக்கும்போது கூடினால் அது பம்ப் அல்லது காற்று. கடைசி ஒடியில் மட்டும் கேட்கும் 'உஸ்' என்ற இரைச்சல், அழுத்தம் மிகுந்தால் திறந்துவிடும் ரிலீஃப் வால்வின் சத்தம். அது கோளாறே இல்லை. 'டொக்' என்று ஒற்றை அடி கேட்டால் பிட்மேன் ஆர்ம் (பாக்ஸிலிருந்து லிங்கை அசைக்கும் கை), ஐட்லர் ஆர்ம் (லிங்கை மறுபக்கம் தாங்கும் கை), ஸ்டீயரிங் தண்டின் கீழ் ஜாயின்ட், ஃபிரேமில் பாக்ஸைப் பிடித்திருக்கும் போல்ட் ஆகியவற்றில் தேட வேண்டும். பம்பில் எதுவும் கிடைக்காது. ஃபோர்டு சி-2 முனகலுக்குப் பேர்போனது. நல்ல நிலையில் இருக்கும்போதே, வண்டியை நிறுத்திவைத்து ஒடித்தால் கொஞ்சம் குரல் கொடுக்கும். அந்தக் குரலுக்காக மட்டும் அதே வகைப் பம்பை மறுபடி வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

அடுத்து டேங்கின் மூடி. எஞ்சினை அணைத்த கையோடு திறந்து பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில், மேலே நுரையோடு இருந்தால் காற்று உள்ளே போகிறது. அதற்கு வெளியே கசிவு தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. டேங்கிலிருந்து பம்புக்கு வரும் குழாய் உறிஞ்சும் பக்கம்; வண்டி ஓடும்போது அங்கே ஆயில் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். இறுகிக் கல்லாகிப்போன ஹோஸ், தளர்ந்த கிளாம்ப், பம்பின் வாயில் தட்டையாகிப்போன ஒரு ஓ ரிங், இவற்றில் ஏதாவது ஒன்றே போதும், நல்ல பம்பை ஊளையிட வைக்க. சில டேங்குகளின் அடியில் மெல்லிய வலை இருக்கும். அது கசடால் அடைத்தாலும் பம்ப் பட்டினி கிடந்து கத்தும்.

ஆயிலைச் சொட்டு எடுத்து வெள்ளைக் காகிதத்தில் விட்டு, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளித் துகள் மின்னினால் பம்ப் உள்ளே தன்னையே அரைத்துக்கொண்டிருக்கிறது. பம்பை மாற்றத்தான் வேண்டும்; மாற்றுவதற்கு முன் லைன் முழுவதையும் கழுவத்தான் வேண்டும். வெறும் கருப்பு என்றால், பெரும்பாலும் ஹோஸின் உள்பக்க ரப்பர் கரைகிறது.

இறுக்கத்தின் காரணத்தைக் கண்டுபிடிக்க, காசு செலவில்லாத, யாரும் செய்யாத ஒரு சோதனை இருக்கிறது. டயர் காற்றைச் சரிபார்த்த பிறகு, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஃபிரேமுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்து, இரண்டு சக்கரமும் தரையைத் தொடாமல் நிறுத்துங்கள். எஞ்சின் அணைந்திருக்கட்டும். ஸ்டீயரிங்கைக் கையால் ஒடியுங்கள். பவர் இல்லாவிட்டாலும், தரையில் உரசல் இல்லாததால் சீராகத் திரும்ப வேண்டும். கனமாக இருந்தால், பிட்மேன் ஆர்மோடு இணையும் லிங்கின் பால் ஜாயின்ட்டைக் கழற்றி, பாக்ஸையும் சக்கரங்களையும் பிரித்துவிடுங்கள். இப்போது சக்கரத்தைக் கையால் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்புங்கள். சக்கரம் முரண்டு பிடித்தால் கோளாறு சக்கரத்தைத் திரும்ப விடும் பால் ஜாயின்ட்டில், அல்லது அதே வேலையைச் செய்யும் கிங்பின்னில். கிரீஸ் காணாமல் துருப்பிடித்து இறுகியிருக்கும். சக்கரம் லேசாகத் திரும்பி, ஸ்டீயரிங் மட்டும் கனத்தால் கோளாறு பாக்ஸிலோ ஸ்டீயரிங் தண்டிலோ. இரண்டில் எதுவானாலும் பம்புக்கு வேலை இல்லை. ஒரு எச்சரிக்கை: லிங்க் கழன்ற நிலையில் ஸ்டீயரிங்கைக் கடைசி வரை வேகமாகச் சுழற்றி இடிக்காதீர்கள். பாக்ஸுக்குள் இருக்கும் பந்துகளை வழிநடத்தும் குழாய்கள் நசுங்கும்.

ஸ்டீயரிங் தண்டின் கோளாறு விரலுக்கே தெரியும். ஒரு முழுச் சுற்றில் இரண்டு இடத்தில் கனம், இரண்டு இடத்தில் லேசு என்று அலை மாதிரி வந்தால், ஃபயர்வாலுக்கும் (எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் தடுப்பு) பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் யுனிவர்சல் ஜாயின்ட் துருவேறி இறுகியிருக்கிறது. துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஆட்டினால் சில நாளைக்கு ஓடும். நம்பி விட வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

பாக்ஸில் அடிக்கடி காண்பது, யாரோ முன்பு செய்துவைத்த கைவேலை. ஸ்டீயரிங்கில் பிளே அதிகம் என்று, பாக்ஸின் மேல் இருக்கும் செக்டர் ஸ்க்ரூவை இறுக்கிவிட்டிருப்பார்கள். பாக்ஸுக்குள் இருக்கும் பற்களின் நடுப்பகுதிதான் அதிகம் தேயும் இடம். அங்கே பிளே போகும் அளவுக்கு இறுக்கினால் மற்ற இடங்களில் கடிக்கும். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராமல் நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த அறிகுறி தெரிந்தால், சக்கரம் தூக்கிய நிலையில் லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பித் தளர்த்திப் பாருங்கள். பம்ப் வாங்கிய செலவில் பாதி இப்படி வீணாகிறது என்று சொன்னாலும் மிகையில்லை.

இத்தனைக்கும் பிறகு பம்பின்மேல் சந்தேகம் நின்றால், பிரஷர் கேஜ் தீர்ப்பு சொல்லும். பம்புக்கும் பிரஷர் ஹோஸுக்கும் நடுவில் அடைப்பு வால்வு உள்ள கேஜை மாட்டி, ஆயில் சூடேறும்வரை ஓட விடுங்கள். வால்வு திறந்து, ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது ஐடிலில் 150 பிஎஸ்ஐக்குள் (psi, அழுத்த அலகு) காட்டுவது வழக்கம். 200-ஐத் தாண்டினால் ஹோஸ் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வால்வை முழுதாக மூடி, முள் ஏறியதைப் பார்த்துவிட்டு உடனே திறக்க வேண்டும். 5 விநாடிக்கு மேல் மூடிவைத்தால் பம்பையே எரித்துவிடுவீர்கள். மூன்று முறை மூடித் திறந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்த வண்டியின் கையேட்டில் சொன்ன அளவு வந்து, மூன்றும் ஒன்றுக்கொன்று 50 பிஎஸ்ஐக்குள் இருந்தால் பம்ப் நன்றாக இருக்கிறது. பம்ப் தரும் இந்த உச்ச அழுத்தம், வால்வைத் திறந்துவைத்து ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்தால் வரவில்லையா? பாக்ஸுக்குள் சீல் தேய்ந்து ஆயில் உள்ளேயே ஓடுகிறது. பெட்டியில் வந்த பம்பை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு, பாக்ஸைக் கவனியுங்கள்.

மாட்டும்போது

புல்லியைக் கழற்றவும் ஏற்றவும் அதற்கென்றே புல்லர் உண்டு. அது இல்லாமல் இந்த வேலையை ஆரம்பிக்கவே கூடாது. சுத்தியலால் தட்டி ஏற்றினால் தண்டு உள்ளே தள்ளப்பட்டு, ரோட்டருக்குப் பின்னால் இருக்கும் தட்டில் இடிக்கும். பெட்டியிலிருந்து எடுத்த அதே நாளில் பம்பின் ஆயுள் பாதியாகும். புல்லர் தண்டின் நுனியில் உள்ள மரையைப் பிடித்துக்கொண்டு புல்லியை மட்டும் இழுத்து ஏற்றுவதால், தண்டின்மேல் அடி விழாது. சாகினா வகையில் புல்லியின் மையமும் தண்டின் நுனியும் ஒரே மட்டத்தில், 0.25 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். நகத்தால் தடவிப் பார்த்தாலே படி தெரியக் கூடாது. மட்டம் தவறினால் பெல்ட் கோணலாக ஓடிக் கீச்சிடும், பழியோ பம்புக்கு.

பழைய ஆயிலை அப்படியே விட்டுப் புதுப் பம்பை மாட்டுவது, அழுக்குத் தண்ணீரில் புதுத் துணியைத் துவைப்பது மாதிரி. பம்ப் கழன்றிருக்கும்போதே இரண்டு ஹோஸின் நுனியையும் ஒரு டப்பாவில் விட்டு, சக்கரம் தூக்கிய நிலையில் ஸ்டீயரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை மெதுவாக ஒடித்தால், பாக்ஸில் இருக்கும் ஆயில் வெளியே வந்துவிடும். டேங்கைத் துடைப்பது மட்டும் போதாது. அடியில் படிந்த சாந்து போன்ற கசடு போகும்வரை கழுவுங்கள். உலோகத் துகள் இருந்த வண்டி என்றால் கூலர் குழாயைக் கழுவி, ரிட்டர்ன் ஹோஸில் ஒரு காந்த ஃபில்டரையும் சேர்த்துவிடுங்கள். ஃபில்டரை ஒருபோதும் உறிஞ்சும் பக்கத்தில் போடாதீர்கள்.

ஆயில் விஷயத்தில் கையேட்டைப் பாருங்கள், பக்கத்துக் கடைக்காரர் சொல்வதைக் கேட்காதீர்கள். ஜிஎம் வண்டிகளுக்கு பவர் ஸ்டீயரிங் ஆயில், பழைய ஃபோர்டுக்கு டைப் எஃப், டொயோட்டா பிக்கப்புக்கு டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்). கழுவுவதற்கும் நிரப்புவதற்குமாக 3 லிட்டர் கையில் இருந்தால் பாதியில் ஓட வேண்டாம்.

பம்பை மாட்டி, டேங்கை நிரப்பிய பிறகு, பெல்ட் போடுவதற்கு முன் புல்லியைக் கையால் அது வழக்கமாகச் சுழலும் திசைக்கு எதிராக மெதுவாகச் சுழற்றுங்கள். டேங்கில் குமிழ் வந்துகொண்டே இருக்கும். குமிழ் நிற்கும்வரை சுழற்றினால் பம்ப் நனைந்துவிட்டது என்று பொருள். இந்த ஐந்து நிமிட வேலையைத் தவிர்த்துவிட்டு எஞ்சினைக் கிளப்பினால், தகடுகள் வறண்டே ரிங்கை உரசும். ஓ ரிங் உள்ள பிரஷர் நட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்க வேண்டியதில்லை. கசிவைத் தடுப்பது ரிங்தான், முறுக்கு அல்ல.

முதல் லிட்டரைக் கழுவ விடுவது இப்படி: ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி டப்பாவில் விட்டு, டேங்கின் ரிட்டர்ன் வாயை மூடி, ஒருவர் ஆயில் ஊற்றிக்கொண்டே இருக்க, இன்னொருவர் எஞ்சினைச் சில விநாடிகள் மட்டும் ஓட விட்டு அணைக்க வேண்டும். டேங்க் ஒரு நொடி காலியானாலும் காற்று உள்ளே போய்விடும். வெளியே வருவது தெளிவாக வரும்வரை இதையே திரும்பச் செய்யலாம்.

பிறகுதான் ஏர் எடுப்பது, அதாவது சிக்கிய காற்றை வெளியேற்றுவது; இந்த வேலையில் மிக முக்கியமான கட்டம். சக்கரம் தரையில் படாமல், எஞ்சின் அணைந்த நிலையில், ஸ்டீயரிங்கை முழு இடம், முழு வலம் என்று நிதானமாக 20 முறை ஒடியுங்கள். கூலரும் நீண்ட ரிட்டர்ன் குழாயும் உள்ள வண்டிக்கு 40 முறை. நடுநடுவே ஆயில் மட்டத்தைக் குளிர்நிலைக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். மேலே ஒரு குமிழ்கூட வராதபோது எஞ்சினை ஐடிலில் ஓட விட்டு, மறுபடி ஒடித்துப் பாருங்கள். கடைசி ஒடியில் 5 விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். ஆயில் நுரைத்துவிட்டால் அடம்பிடித்து ஓட்டாமல், அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். நுரையைத் திரும்பத் திரும்பச் சுழற்றினால் அது இன்னும் பொடிக் குமிழாகி, வெளியே வரவே வராது. கையால் இயக்கும் வாக்யூம் பம்ப் இருந்தால் டேங்கின் வாயில் பொருத்தி 20 அங்குலப் பாதரச அளவுக்கு இழுத்து 5 நிமிடம் வைத்தால் ஒளிந்திருக்கும் காற்றும் வந்துவிடும். முனகும் புதுப் பம்பை இரண்டாம் முறை மாற்றுவதற்கு முன் இதைச் செய்துபார்த்தே ஆக வேண்டும்.

பிரேக் பூஸ்டரும் இதே பம்பின் அழுத்தத்தில் ஓடும் வண்டிகள் உண்டு. பெரிய டீசல் பிக்கப்புகளில் ஹைட்ரோபூஸ்ட் என்பார்கள். அவற்றுக்கு அதற்குரிய பம்பையே வாங்க வேண்டும். வேறு வால்வு உள்ள பம்பைப் போட்டால் ஸ்டீயரிங் மட்டுமல்ல, பிரேக்கும் கெடும். வேலையைத் தொடங்கும் முன் எஞ்சினை அணைத்து, பெடல் கல்லாகும்வரை பலமுறை மிதித்து, சேமித்திருக்கும் அழுத்தத்தைக் காலி செய்யுங்கள். ஏர் எடுக்கும்போதும் ஒடிப்பதோடு பெடலையும் மிதிக்க வேண்டும். ரோட்டில் இறக்குவதற்கு முன் பிரேக்கை நின்ற இடத்தில் சோதித்துவிடுங்கள்.

மற்ற வழிகளோடு ஒப்பிட்டால்

கசிவை நிறுத்தும் ஆயில் பாட்டில்களுக்கு ஓர் இடம் உண்டு: ரப்பர் சீல் இறுகிச் சொட்டுச்சொட்டாகக் கசியும்போது, சீலை ஊதவைத்துச் சில காலம் தள்ளிப்போடும். முனகலையும் கனத்தையும் அது தீர்க்காது. தண்டில் பிளே வந்த பம்பில் ஊற்றுவது வீண். சத்தமும் இல்லாமல், அழுத்தமும் சரியாக இருந்து, தண்டின் சீலில் மட்டும் கசிந்தால், சீல் கிட் வாங்கிப் போடுவதே புத்திசாலித்தனம். பம்ப் முழுவதும் வாங்கத் தேவையில்லை. புதுப் பம்பும் அதே விலைக்குப் பக்கத்தில் கிடைத்தால் புதிதையே எடுங்கள். ரீகண்டிஷனில் உள்ளே எந்தப் பாகம் பழையது என்பது பெட்டியைப் பார்த்துத் தெரியாது. விலை வித்தியாசம் அதிகமாக இருந்து, மேலே சொன்ன சோதனைகளில் பம்ப்தான் குற்றவாளி என்று உறுதியானால், தயங்காமல் வாங்கலாம். மதிப்பெண் கொடுத்தால் 5-க்கு 4. ஒரு மதிப்பெண்ணைக் குறைப்பது, பெட்டியோடு ஏர் எடுக்கும் முறையைச் சொல்லும் ஒரு தாள்கூட வைக்காத பெட்டிகள் நிறைய வருவதால்.

வாங்கும்போது பழைய பம்புக்காக முன்பணம் பிடித்துக்கொள்வார்கள். பழையதைக் கொடுத்தால் அது திரும்பக் கிடைக்கும். ஆனால் அவசரப்பட வேண்டாம். புதிதை மாட்டி, சில நாள் ஓட்டி, கசிவு இல்லை, முனகல் இல்லை என்று பார்த்த பிறகு கொடுங்கள். அதுவரை பழைய பம்பின் நிப்பிள், ஸ்டட் போல்ட், டேங்கின் கிளிப், பிராக்கெட் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிவையுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது ஆயிலை முழுதாக வடித்து, வாய்களை மூடி, அது வந்த அதே பெட்டியில் வையுங்கள். உடைந்த உடம்பையும் ஆயில் ஒழுகும் பெட்டியையும் கடைகள் ஏற்பதில்லை.